மோதிரத்தை மறுத்த இருவர்: காண்டால்ஃபும் கலாட்ரியலும்

ஜன்னல் கதவுகள் சாத்தப்பட்டு, திரைகளும் இழுத்துவிடப்பட்ட ஓர் இருண்ட அறை. கணப்பில் தீ எரிகிறது. வெளியே தோட்டத்தில் புல் கத்தரிக்கும் ஓசை மெல்லக் கேட்கிறது. தீயில் எறியப்பட்டும் சற்றும் சூடேறாமல் வெளியே வந்த ஒரு தங்க மோதிரத்தின் வரலாற்றைக் கேட்டு நடுங்கிப்போயிருக்கும் ஃப்ரோடோ, எதிரே இருக்கும் முதிய மந்திரவாதி காண்டால்ஃபிடம், அறிவிலும் ஆற்றலிலும் பெரியவரான நீங்களே இதை எடுத்துக்கொள்ளக் கூடாதா என்று கேட்கிறான். காண்டால்ஃப் துள்ளி எழுந்து, முடியாது என்று கத்துகிறார். அவருடைய கண்கள் பளிச்சிடுகின்றன. உள்ளே தீ மூட்டியதுபோல் முகம் ஒளிர்கிறது. எனக்கு ஆசை காட்டாதே என்று ஒன்றுக்கு இரண்டு முறை சொல்கிறார். பிறகு ஜன்னலருகே சென்று திரைகளை விலக்கிக் கதவுகளைத் திறக்கிறார். வெயில் அறைக்குள் பாய்கிறது. தோட்டக்காரன் சாம் சீட்டியடித்தபடி வெளியே பாதையில் நடந்து போகிறான்.

1954-இல் வெளிவந்த, டோல்கீனின் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ நாவலின் முதல் தொகுதியில் இரண்டாம் அத்தியாயத்தில் வரும் காட்சி இது. கதைக்குள் இது மூன்றாம் யுகத்தின் 3018-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம். ஏறக்குறைய பத்து மாதங்கள் கழித்து, லோத்லோரியன் என்னும் பொன்னிற வனத்தில், மோதிரத்தை அழிக்கப் புறப்பட்டுவிட்ட அதே ஃப்ரோடோ, அதை மூப்பறியாத எல்ஃப் இனத்துப் பெருமாட்டியான கலாட்ரியலிடம் கொடுக்க முன்வருகிறான். அவரும் மறுத்துவிடுகிறார். ஆனால் மறுப்பதற்கு முன் அவர் வாய்விட்டுச் சிரிக்கிறார், கையை உயர்த்துகிறார், அந்த மோதிரத்தோடு தாம் எப்படிப்பட்ட அரசியாக எழுவார் என்பதை ஃப்ரோடோவின் கண்ணெதிரே காட்டுகிறார்.

இவ்விரண்டு காட்சிகளையும் அடுத்தடுத்து வைத்துப் பார்க்கும் பலர் எளிதாக ஒரு முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். காண்டால்ஃப் தெளிந்தவர், கேட்ட மாத்திரத்தில் மறுத்துவிட்டார். கலாட்ரியல் சபலத்தில் தடுமாறி நூலிழையில் தப்பினார் என்பது அந்த முடிவு. 2001-இல் வெளிவந்த திரைப்படம், கலாட்ரியலின் உருவத்தைப் பச்சை வெளிச்சத்தில் அச்சமூட்டும்படி மாற்றிக் காட்டி, இந்த வாசிப்புக்கு வலுச் சேர்த்தது. மூல நூலையும், டோல்கீன் பிற்காலத்தில் எழுதிய கடிதங்களையும் கவனமாகப் படித்தால் வேறொரு சித்திரம் எழுகிறது. கலாட்ரியலின் மறுப்பு அந்தக் கணத்தில் பிறந்தது அன்று. பல காலம் எண்ணி எண்ணி எடுத்த முடிவு அது. இருவரில் கூடுதலாக இழந்தவரும் அவர்தான். காண்டால்ஃபின் அச்சமோ, தம்முடைய மிகச் சிறந்த குணமே தம்மைக் கவிழ்க்கும் என்பதைக் கண்டுகொண்ட ஒருவரின் அச்சம். இந்த வேறுபாட்டைத்தான் இங்கே விளக்க முயல்கிறேன்.

முதலில் அந்த மோதிரத்தைப் பற்றிச் சிறிது சொல்லியாக வேண்டும். இரண்டாம் யுகத்தில், ஏறத்தாழ 1600-ஆம் ஆண்டில், உலகை அடிமைப்படுத்த முயன்ற இருளரசன் சௌரான் தன் ஆற்றலின் பெரும்பகுதியை அதற்குள் இறக்கி அதை வார்த்தான். எல்ஃபுகள் செய்த மற்ற மோதிரங்களையும், அவற்றை அணிந்தவர்களின் மனங்களையும் ஆள்வதே அதன் நோக்கம். ஃப்ரோடோ, சாம் போன்ற குள்ள உருவினரான ஹாபிட்டுகள் கையில் அது மறைந்து நடமாடுவதற்கான ஒரு கருவியாகத் தெரிவதால், அதன் உண்மையான வேலை எளிதில் மறந்துபோகிறது. பிறருடைய விருப்பத்தைத் தன் விருப்பத்துக்கு வளைப்பதுதான் அதன் வேலை. அணிபவரின் தகுதிக்கேற்பவே அது ஆற்றலைத் தரும் என்பதும் முக்கியமானது. எளியவர் ஒருவர் அதை வைத்துக்கொண்டு உலகை ஆளப் பார்த்தால் அது வெறும் கனவு. காண்டால்ஃபோ கலாட்ரியலோ அணிந்தால் அது கனவாக இருக்காது. எனவே இவ்விருவரும் எதிர்கொண்டது, கைக்கு எட்டும் தொலைவில் இருந்த ஒரு சாத்தியம்.

மோதிரம் எல்லோருக்கும் ஒரே ஆசையைக் காட்டுவதில்லை. ஃப்ரோடோவோடு பயணம் செய்த வீரன் போரோமிருக்கு அது தன் நகரைக் காக்கத் திரண்டு வரும் படைகளைக் காட்டியது. தோட்டக்காரனான சாமுக்கு, சௌரானின் நாடான மோர்டோரின் பாழ்நிலம் முழுவதும் தன் ஆணையில் பூத்துக் குலுங்கும் தோட்டமாக மாறுவதைக் காட்டியது. சாம் அதை உதறியது எப்படி என்பது எனக்கு மிகவும் பிடித்த இடம்: தன் கையால் பராமரிக்கக்கூடிய ஒரு சிறு தோட்டமே தனக்குப் போதும், பிறர் கைகளை ஏவி வேலை வாங்கும் பெருந்தோட்டம் தனக்கு வேண்டாம் என்று அவன் உணர்கிறான். ஒவ்வொருவர் நெஞ்சிலும் ஏற்கெனவே இருக்கும் வாசல் வழியாகவே மோதிரம் நுழையப் பார்க்கிறது. காண்டால்ஃபின் வாசல் எது, கலாட்ரியலின் வாசல் எது என்று கேட்டால் இருவருக்கும் இடையிலான தொலைவு தெரியும்.

காண்டால்ஃப் மனிதர் அல்லர். உலகின் தொடக்கத்துக்கும் முந்தைய மாயர் என்னும் ஆவிகளில் ஒருவர். ஓலோரின் என்பது அவருடைய பழைய பெயர். மேற்குத் திசையின் தெய்வீக நிலத்தில் வாழ்ந்தபோது, துயருறுவோருக்காக ஓயாது கண்ணீர் விடும் நியென்னாவிடம் அவர் இரக்கத்தையும் பொறுமையையும் கற்றார். சௌரானை எதிர்க்கத் தூதர்களை அனுப்ப முடிவானபோது, தெய்வங்களின் தலைவரான மான்வே இவரைப் போகச் சொன்னார். தாம் அதற்குப் போதிய வலிமை அற்றவர் என்றும், சௌரானிடம் தமக்கு அச்சம் உண்டு என்றும் ஓலோரின் பதில் சொன்னார். அந்த அச்சம் இருப்பதாலேயே நீ போக வேண்டும் என்றார் மான்வே. மூன்றாம் யுகத்தின் 1000-ஆம் ஆண்டுவாக்கில் ஐந்து தூதர்களும் முதியவர் உருவில் கரையிறங்கினர். தங்கள் முழு மகிமையை வெளிக்காட்டக் கூடாது, சௌரானின் பலத்துக்கு எதிராகப் பலத்தைக் கொண்டு நிற்கக் கூடாது, எல்ஃபுகளையும் மனிதர்களையும் அச்சத்தாலோ வற்புறுத்தலாலோ ஆளக் கூடாது என்பவை அவர்களுக்கு விதிக்கப்பட்ட கட்டுப்பாடுகள். மக்களுடைய மனத்தில் துணிவை மூட்டி, அவர்களே எழுந்து நிற்கச் செய்வதுதான் அவர்கள் வந்த வேலை.

ஆகவே மோதிரத்தை எடுப்பது காண்டால்ஃபுக்குத் தற்செயலான ஒரு தவறாக முடிந்திருக்காது. அவர் எதற்காக அனுப்பப்பட்டாரோ அதையே தலைகீழாகப் புரட்டும் செயலாக இருந்திருக்கும். இதைத் தவிர அவர் தம் வாயாலேயே சொல்லும் காரணம் ஒன்று உண்டு. மோதிரம் தம் நெஞ்சை அடையும் வழி இரக்கம்தான் என்கிறார் அவர். பலவீனர்கள் மேல் இரக்கம். நன்மை செய்ய வலிமை வேண்டும் என்ற ஆசை.

இதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னால் அதே அறையில் என்ன பேசினார்கள் என்று நினைவுபடுத்திக்கொள்வது நல்லது. மோதிரத்தை முன்பு வைத்திருந்த கோலம் என்னும் அந்த இழிபிறவியை, தனக்கு அதை விட்டுச்சென்ற பில்போ அன்றைக்கே கொன்றிருக்கலாமே, பரிதாபம் பார்த்து விட்டுவிட்டாரே என்று ஃப்ரோடோ ஆத்திரப்படுகிறான். அவர் கையைத் தடுத்தது இரக்கம்தான் என்றும், அந்த இரக்கமே பலருடைய விதியை நிர்ணயிக்கக்கூடும் என்றும் காண்டால்ஃப் அவனைத் திருத்துகிறார். கதையின் முடிவு உண்மையில் அந்த இரக்கத்தின் மேல்தான் நிற்கிறது. அவ்வளவு உயர்த்திப் பேசிய அதே சொல்லை, சிறிது நேரத்தில் தம்மை வீழ்த்தக்கூடிய ஓட்டையாக அவரே சுட்டிக்காட்டுகிறார். நாவலிலேயே ஆழமான இடங்களில் ஒன்று இது என்பேன். பேராசை, வெறி, பொறாமை போன்றவற்றின் வழியாக வரும் சபலத்தை அடையாளம் காண்பது எளிது. அவை வரும்போதே அவற்றின் முகம் தெரிந்துவிடும். அழுகிற குழந்தையைப் பார்த்து ஓடிப்போய்த் தூக்கும் உணர்ச்சியின் உருவிலேயே அது வருமானால், அதைச் சந்தேகிக்க யாருக்குத் தோன்றும்? பாதுகாப்புக்காக, பயன்படுத்தாமல் வெறுமனே வைத்துக்கொள்ளவும் தமக்குத் துணிவில்லை என்று காண்டால்ஃப் சொல்வதன் காரணம் இதுதான். கையில் இருந்தால், உதவி கேட்டு எழும் அடுத்த கூக்குரலுக்கே அவர் அதை அணிந்துவிடுவார்.

அப்படி அணிந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை டோல்கீன் 1963-இல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தின் வரைவில் விளக்கியிருக்கிறார். மோதிரத்தின் தலைவனாகக் காண்டால்ஃப் சௌரானைவிட மிக மோசமானவராக இருந்திருப்பார் என்பது அவருடைய தீர்ப்பு. காண்டால்ஃப் கெட்டவராக மாறிவிடுவார் என்று அவர் சொல்லவில்லை. நேர்மையானவராகவே இருப்பார், ஆனால் தம் நேர்மையில் தாமே மயங்கியவராக இருப்பார். தம் அறிவுக்கு எட்டிய நன்மையின்படி எல்லாவற்றையும் ஒழுங்குபடுத்தி ஆண்டுகொண்டே போவார். சௌரான் எத்தனை தீமையைப் பெருக்கினாலும் நன்மை எது என்பது மக்களுக்குத் தனியாகத் தெரிந்தது. காண்டால்ஃபின் ஆட்சியில் நன்மையே வெறுக்கத்தக்கதாக, தீமை போலத் தோன்றத் தொடங்கியிருக்கும் என்று அந்தக் கடிதத்தின் ஓரத்தில் ஒரு குறிப்பும் எழுதி வைத்தார். கொடுங்கோலனிடமிருந்து தப்பி ஓட ஒரு திசையாவது இருக்கும். நம் நன்மைக்காகவே நம்மை ஆள்பவரிடமிருந்து, தவறு செய்துவிட்ட குற்றவுணர்ச்சி இல்லாமல் தப்பி ஓடக்கூட முடியாது.

காண்டால்ஃப் சோதனையே இல்லாமல் தப்பிவிட்டவர் என்று நினைப்பவர்கள் முதல் அத்தியாயத்துக்குத் திரும்பிப் போகலாம். பதினேழு ஆண்டுகளுக்கு முன், அதே வீட்டில், மோதிரத்தை விட்டுச்செல்ல மனமில்லாத பில்போ, இதை அபகரிக்கத்தான் நீ பார்க்கிறாய் என்று அவர் மேல் பழி சுமத்துகிறார். அப்போது காண்டால்ஃப் அச்சமூட்டும் உயரத்துக்கு வளர்ந்ததுபோல் தெரிகிறார். அவருடைய நிழல் அந்தச் சிறிய அறையை நிறைக்கிறது. மறுகணம் பழைய முதியவராகி, தம்மை நம்பும்படி நண்பரிடம் கேட்கிறார். வளர்ந்து, பிறகு சுருங்கும் இந்த அசைவை நாம் கலாட்ரியலிடம் மட்டுமே கண்டதாக நினைத்துக்கொள்கிறோம். இன்னொன்று: திரைப்படத்தில் காண்டால்ஃப் மோதிரத்தைத் தொடத் தயங்குகிறார், நாவலிலோ ஃப்ரோடோவிடமிருந்து அதை வாங்கி உயர்த்திப் பார்க்கிறார், கணப்பிலிருந்து இடுக்கியால் இழுத்தபின் வெறுங்கையாலேயே எடுக்கிறார். ஆய்வுக்காகத் தொட முடிந்தவருக்கு, உடைமையாக ஏற்க மட்டும் துணிவில்லை. தம்முடைய எல்லை எந்த இடத்தில் இருக்கிறது என்பதை அவ்வளவு நுணுக்கமாக அறிந்திருந்தார் அவர்.

கலாட்ரியலின் கதை வேறு மண்ணில் வேர்விட்டது. அவர் யாராலும் அனுப்பப்பட்டு வந்தவர் அல்லர், தாமாக வந்தவர். மேற்கின் அந்தத் தெய்வீக நிலமான வாலினோரில் பிறந்து, ஃபெயனோரின் தலைமையில் நோல்டோர் எல்ஃபுகள் கலகம் செய்து புறப்பட்டபோது அவர்களோடு கிளம்பினார். ஃபெயனோரின் கொடிய சபதத்தை அவர் ஏற்கவில்லை. ஆனாலும் காவலற்ற பரந்த நிலங்களைக் காணவும், அங்கே தம் விருப்பப்படி ஓர் அரசை ஆளவும் அவர் நெஞ்சம் ஏங்கியது என்று ‘சில்மரில்லியன்’ சொல்கிறது. ஆள வேண்டும் என்ற ஆசை அவர் கதையின் முதல் பக்கத்திலேயே இருக்கிறது. முதல் யுகத்தின் போர்களைக் கண்டு, 3441 ஆண்டுகள் நீண்ட இரண்டாம் யுகத்தைக் கடந்து, மூன்றாம் யுகத்தின் இறுதியில் லோத்லோரியனில் நிற்கும்போது அந்த ஆசைக்கு ஏறக்குறைய 7000 ஆண்டு வயது. அவர் விரலில் கெலிபிரிம்போர் செய்த மூன்று எல்ஃப் மோதிரங்களில் ஒன்றான நென்யா இருக்கிறது. காலத்தின் தேய்மானத்தைத் தடுத்து நிறுத்துவது அதன் இயல்பு. அந்த வனத்தில் மலர்கள் வாடாமல் இருப்பதும், அங்கே நுழைபவர்களுக்கு நாட்கள் போவதே தெரியாமல் இருப்பதும் அதனால்தான். அழகானதை அழகாகவே நிறுத்திவைக்கும் இந்த வேட்கையில் எல்ஃபுகளின் பலவீனத்தையும் டோல்கீன் கண்டார். மாற்றத்தை மறுத்து, வாழும் உலகைத் தைலமிட்டுப் பதப்படுத்திவைக்க முயல்பவர்கள் என்று கடிதம் ஒன்றில் அவர்களைக் குறித்திருக்கிறார்.

மாலை நட்சத்திரம் எழுந்த வேளையில், புல் மூடிய ஒரு பள்ளத்தில், அகலமான வெள்ளிக் கிண்ணத்தில் நீர் நிரப்பி, காட்சிகளைக் காட்டும் அந்த நீர்க் ‘கண்ணாடி’யில் ஃப்ரோடோவையும் சாமையும் பார்க்கச் சொல்கிறார் கலாட்ரியல். காட்சிகள் முடிந்தபின் ஃப்ரோடோ அவருடைய விரலில் மின்னும் நென்யாவைக் காண்கிறான். அப்போது அவர் ஒளிக்காமல் ஓர் உண்மையைச் சொல்கிறார். உன் பயணம் தோற்றால் நாங்கள் பகைவனிடம் வெறுமையாக நிற்போம். வென்றாலோ எங்கள் மோதிரங்களின் ஆற்றல் குறையும், லோத்லோரியன் மங்கும், காலவெள்ளம் அதை அடித்துச் செல்லும். நாங்கள் மேற்கே போய்விட வேண்டும், இல்லையேல் மெல்ல மறந்து, மறக்கப்பட்டு, குகையும் பள்ளத்தாக்குமாக ஒடுங்கிய எளிய கூட்டமாகத் தேய வேண்டும் என்பது அவர் சொன்னதன் சாரம். அப்படியானால் உங்கள் விருப்பம் என்ன என்று ஃப்ரோடோ கேட்கிறான். நடக்க வேண்டியது நடக்கட்டும் என்கிறார். தம் மண்ணின் மேல் எல்ஃபுகளுக்கு உள்ள அன்பு கடலைவிட ஆழமானது, இருந்தும் சௌரானுக்குப் பணிவதைவிட எல்லாவற்றையும் விட்டுவிடுவோம் என்கிறார்.

இந்த உரையாடல் முடிந்த பிறகுதான் ஃப்ரோடோ மோதிரத்தைத் தர முன்வருகிறான் என்பதைக் கவனித்துப் படிக்க வேண்டும். அதாவது, சோதனை வருவதற்கு முன்னாலேயே கலாட்ரியல் தம் பதிலைச் சொல்லிவிட்டார். தாம் இழக்கப்போவது இன்னது என்று எண்ணிக் கணக்கிட்டு, அந்த இழப்பை ஒப்புக்கொண்டும் விட்டார். அதன் பிறகு, இழப்பே இல்லாமல் தப்பிக்கும் ஒரே வழி, பலவந்தம் ஏதுமின்றி, ஒரு விருந்தாளியின் உள்ளங்கையில் அவரைத் தேடி வருகிறது.

அதைக் கேட்டு அவர் சிரிக்கிறார். முதல் சந்திப்பில் பயணிகள் ஒவ்வொருவரின் மனத்தையும் தம் பார்வையாலேயே சோதித்தவர் அவர். இப்போது அந்தச் சோதனையை ஃப்ரோடோ தமக்கே மென்மையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டதாகச் சொல்கிறார். தம் நெஞ்சம் இதைப் பெரிதும் விரும்பியது என்பதையும் மறுக்கவில்லை. இந்த மோதிரம் கைக்கு வந்தால் என்ன செய்யலாம் என்று நெடுங்காலமாக எண்ணியிருப்பதாக ஒப்புக்கொள்கிறார். காண்டால்ஃப் எண்ணிப் பார்க்கவே அஞ்சிய இடத்துக்குள் இவர் துணிந்து நடந்து செல்கிறார். கையை உயர்த்துகிறார், நென்யாவிலிருந்து பாயும் ஒளி அவர் மேல் மட்டும் விழுகிறது, சுற்றிலும் எல்லாம் இருளாகிறது. இந்த ஒரு விவரமே அந்த ஆட்சி எப்படி இருந்திருக்கும் என்று சொல்லிவிடுகிறது: அவரைத் தவிர வேறு எதுவும் கண்ணுக்குத் தெரியாத ஆட்சி. அளவிட முடியாத உயரம், தாங்க முடியாத அழகு, அச்சமும் வழிபாடும் கலந்த தோற்றம். தம்மை எல்லோரும் நேசிப்பார்கள், நேசித்தபடியே நம்பிக்கை இழப்பார்கள் என்கிறார். பிறகு கை தாழ்கிறது, ஒளி மங்குகிறது. மீண்டும் சிரிக்கிறார். எளிய வெண்ணிற ஆடையில், மெல்லிய குரலில் சோகத்தோடு பேசும் ஓர் எல்ஃப் பெண்ணாக நிற்கிறார். சோதனையில் தேறிவிட்டேன், நான் குறைந்து சிறுத்து மேற்கே போவேன், கலாட்ரியலாகவே இருப்பேன் என்கிறார்.

இது தடுமாற்றமா? டோல்கீன் அப்படிக் கருதவில்லை. மேலே சொன்ன அதே 1963 கடிதத்தில், மிக உயர்ந்த அதிகாரத்தைப் பற்றிய கற்பனைகளால் மனத்தை நிரப்புவது மோதிரத்தின் அடிப்படை வஞ்சகம் என்றும், பெரியோர்கள் இதை நன்கு ஆராய்ந்து விலக்கிவிட்டிருந்தார்கள் என்றும், கலாட்ரியலின் மறுப்பு முன்பே செய்த சிந்தனையிலும் உறுதியிலும் நின்றது என்றும் எழுதுகிறார். இன்னோர் எல்ஃப் தலைவரான எல்ராண்டோ கலாட்ரியலோ அதை எடுத்திருந்தால், சௌரானின் வழியையே பின்பற்றி, முற்றிலும் அடிபணிந்த தளபதிகளையும் படைகளையும் போர்க்கருவிகளையும் கொண்ட ஒரு பேரரசைக் கட்டியிருப்பார்கள் என்றும் சேர்க்கிறார். இந்த வெளிச்சத்தில் அந்தக் காட்சியைப் படித்தால், கலாட்ரியல் தம் பழைய ஆசைக்கு ஒருமுறை முழு உருவம் கொடுத்து, அதை நேருக்கு நேர் பார்த்து, விடைகொடுத்து அனுப்புகிறார் என்றே எனக்குத் தோன்றுகிறது.

இருவரும் தவிர்க்கும் வழி ஏன் இப்படி எதிரெதிராக இருக்கிறது என்பதற்கு அவரவர் சபலத்தின் தன்மையிலேயே விடை இருக்கிறது. கலாட்ரியலின் ஆசைக்கு ஒரு வடிவம் உண்டு. அரியணை, பெயர், ஒளி என்று அதைக் கண்முன் நிறுத்திக் காட்ட முடியும். வடிவம் உள்ளதை உற்றுப் பார்க்கலாம். உற்றுப் பார்த்தால் அதன் கோரமும் தெரியும். காண்டால்ஃபின் இரக்கத்துக்கு அப்படி ஒரு வடிவம் கிடையாது. அவர் கற்பனை செய்து பார்க்கத் தொடங்கினால் அரியணையைக் காண மாட்டார். காப்பாற்றப்பட வேண்டிய முகங்களைத்தான் காண்பார். எத்தனை நேரம் உற்றுப் பார்த்தாலும் அதில் கோரம் தெரியாது, மேலும் மேலும் நியாயமே தெரியும். எனவே அவர் பார்க்க மறுத்து ஜன்னலைத் திறந்ததும், இவர் பார்த்து முடித்துக் கையைத் தாழ்த்தியதும் அவரவருக்குப் பொருந்திய வழிகளே. காண்டால்ஃபின் வழியில் கலாட்ரியல் போயிருந்தால், அந்த ஏக்கம் அடக்கப்பட்டு உள்ளேயே கனன்றிருக்கும். கலாட்ரியலின் வழியில் காண்டால்ஃப் போயிருந்தால் திரும்பி வந்திருக்க மாட்டார்.

தமிழில் நாம் நன்கறிந்த துறவு ஒன்று உண்டு; தேடி வந்த அரசைத் தள்ளிவிட்டு அண்ணனின் பாதுகைகளை அரியணையில் வைத்த பரதனுடையது. அது தனக்கு உரியதல்ல என்பதால் எழுந்த மறுப்பு. இங்கே உரிமை யாருக்கு என்ற கேள்வியே எழவில்லை. தந்தவன் மனமுவந்து தந்தான், பெறுபவர்களுக்குத் தகுதியும் இருந்தது, நோக்கமும் நல்லது. அவ்வளவும் இருந்தும் மறுக்க வேண்டியிருந்தது என்பதில்தான் டோல்கீன் இவர்களுக்குக் கொடுத்த சோதனையின் கடுமை இருக்கிறது.

அந்தக் கடுமையைச் சாமின் வாயிலிருந்து வரும் எளிய சொற்கள் நன்றாகக் காட்டுகின்றன. கண்ணாடியில் தன் ஊர் அழிக்கப்படுவதையும், தன் வயதான தந்தை வீட்டைவிட்டு விரட்டப்படுவதையும் கண்டு வந்தவன் அவன். அம்மா, நீங்கள் மோதிரத்தை வாங்கிக்கொண்டிருக்கலாம், எல்லாவற்றையும் சரிசெய்திருப்பீர்கள் என்கிறான். கலாட்ரியல் அதை மறுக்கவில்லை. ஆமாம், சரிசெய்வேன், அப்படித்தான் தொடங்கும், ஆனால் அதோடு நிற்காது என்கிறார். காண்டால்ஃப் தம் இரக்கத்தைப் பற்றிச் சொன்னது இங்கே கலாட்ரியலின் வாயில் திரும்ப வருகிறது. பேரரசியாக எழும் கனவை வென்றபின், ஓர் ஏழை முதியவருக்கு வீட்டை மீட்டுத் தரும் சிறிய நன்மையின் உருவில் அவரிடம் மறுபடியும் வந்த சபலம் அது. பேச்சுக்கிடையில் வந்துபோவதால் பலரும் இதைக் கவனிக்காமல் கடந்துவிடுகிறார்கள்.

காண்டால்ஃபோடு வந்த ஐவரில் தலைமையானவரும், பின்னர் மோதிரத்துக்கு ஆசைப்பட்டுக் கெட்டவருமான சாருமானை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியாது. சௌரானை எதிர்க்கும் வெள்ளைச் சபை அமைந்தபோது அதன் தலைமைக்குக் காண்டால்ஃபையே கலாட்ரியல் விரும்பினார். எந்தக் கட்டும் பற்றும் வேண்டாம் என்று காண்டால்ஃப் விலக, அந்த இடம் சாருமானுக்குப் போனது. பின்னாளில் தம் கோபுரத்துக்கு அழைத்த காண்டால்ஃபிடம் சாருமான் பேசும் பேச்சில் வெறியோ ஆவேசமோ இல்லை. அறிவு, ஆட்சி, ஒழுங்கு என்னும் உயர்ந்த இலக்குகள் மாறவில்லை, வழிகள் மட்டுமே மாறுகின்றன என்கிறார். அதே தூதுப்பணியை ஏற்று, அதே கட்டுப்பாடுகளோடு வந்த ஒருவர் எங்கே போய்ச் சேர முடியும் என்பதைக் காண்டால்ஃப் கண்ணெதிரே கண்டார்.

யார் கூடுதலாக இழந்தார் என்ற கேள்விக்கு என் பதில் கலாட்ரியல் என்பதுதான். காண்டால்ஃப் தம் மறுப்புக்கு விலை கொடுக்கவில்லை என்று இதற்குப் பொருளில்லை. தமக்கு அது மிகவும் தேவைப்படப் போகிறது என்பதை அன்றைக்கே சொன்னவர் அவர்; தேவைப்பட்ட இடம் மோரியாவின் பாலம். பால்ரோக் என்னும் தீப்பிசாசோடு போரிட்டு 3019 ஜனவரி 25 அன்று அவர் உயிர் பிரிந்தது. ஆனால் உயிரையும் அவர் தம் பணிக்காகவே கொடுத்தார். பணி முடிந்தால் திரும்பிப் போக அவருக்கு ஒரு வீடு இருந்தது. கலாட்ரியலோ, தாமே கட்டியெழுப்பி, தாமே காத்து, இனி எங்கும் கிடைக்காத ஒரு நிலத்தைத் தம் ஒரு சொல்லால் அழிவுக்கு ஒப்புக்கொடுத்தார். அவர் திரும்பிச் செல்வதற்கு ஒரு காலத்தில் தடை இருந்தது என்றும், தமக்குப் போகவே விருப்பமில்லை என்று அவர் அதற்குப் பெருமையோடு பதில் சொன்னார் என்றும், மோதிரத்தை நிராகரித்ததற்கான பரிசாகவே இறுதியில் வழி திறந்தது என்றும் 1967-இல் வெளியான ஒரு குறிப்பில் டோல்கீன் எழுதினார். தம் வாழ்நாளின் கடைசி ஆண்டான 1973 வரை அவருடைய முற்கதையை மாற்றி மாற்றி எழுதிக்கொண்டேயிருந்தார். களங்கமே அற்றவராகவும் ஆக்கிப் பார்த்தார். எனக்கு அந்தப் பழைய, பெருமிதம் மிக்க கலாட்ரியலே உண்மையானவராகத் தோன்றுகிறார். ஆசையே இல்லாதவர் மறுப்பதில் என்ன இருக்கிறது?

மறுத்த பின் இருவரும் கைகட்டி நிற்கவில்லை என்பதும் சொல்லப்பட வேண்டும். காண்டால்ஃப் சாருமானின் கோலை முறித்தார். கலாட்ரியல் சௌரானின் கோட்டையான டோல் குல்டூரின் மதில்களைத் தகர்த்தார். ஆற்றலைத் துறக்கவில்லை அவர்கள். பிறர் மனத்தை ஆளும் ஆற்றலைத் துறந்தார்கள்.

நூலின் பின்னிணைப்பில் உள்ள நாட்குறிப்பில் ஒரு வரி உண்டு. 3019 பிப்ரவரி 14: கலாட்ரியலின் கண்ணாடி, காண்டால்ஃப் உயிர் திரும்பி மயக்கத்தில் கிடக்கிறார். இரண்டும் ஒரே நாள், ஒரே வரி. அவரைத் தேடிவரக் கழுகரசன் க்வைஹிரை அனுப்பியவரும் கலாட்ரியல்தான். 17-ஆம் நாள், ஃப்ரோடோவின் கூட்டம் புறப்பட்டுப் போன மறுநாள், காண்டால்ஃப் லோத்லோரியனுக்குக் கொண்டுவரப்படுகிறார். அங்கே குணமடைந்து வெள்ளை ஆடை பெறுகிறார். மோதிரத்தை மறுத்த இருவரும் அந்த வனத்தில் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நாவல் சொல்வதில்லை.

அவர்களைக் கடைசியாக ஒன்றாக நாம் காண்பது 3021 செப்டம்பர் 29 அன்று, சாம்பல் துறைமுகத்தில் நிற்கும் வெள்ளைக் கப்பலருகே. கலாட்ரியலின் கணவர் கெலிபோர்ன் அந்தக் கப்பலில் ஏறவில்லை. அவர் கதை நிகழும் நிலமான மிடில் எர்த்திலேயே தங்கிவிட்டார். இத்தனை காலமும் மறைத்தே அணிந்திருந்த நார்யா என்னும் எல்ஃப் மோதிரம் இப்போது காண்டால்ஃபின் விரலில் வெளிப்படையாகச் சிவந்து தெரிகிறது. கலாட்ரியலின் விரலில் நென்யாவின் ஒற்றை வெண்கல், பனிக்கால நட்சத்திரம்போல் மின்னுகிறது. இரண்டு மோதிரங்களிலும் இப்போது ஆற்றல் ஏதும் இல்லை. இருவரும் கப்பலில் ஏறுகிறார்கள்.